வந்தவன் திரும்பிப் போகவும் வேண்டும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இன்று தொழிற்சாலையில் வேலை. ஆனால் உயிரியலில் இருந்த ஆசை விட்டுப் போகவில்லை. என் அம்மாவுக்கு மூட்டுவாதம். உடம்பைக் காக்கிற கலங்களே மூட்டைத் தாக்குகின்றன என்று டொக்டர் சொன்னார். "என்ரை உடம்பே எனக்கு எதிரியோ தம்பி?" எண்டு அம்மா கேட்டா. அதுக்கு விடை தேடப்போய்த்தான் இந்தச் சின்ன மீனைப் பற்றி அறிந்தேன்.

சீப்ரா மீன், இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்வது. நாலு சென்ரிமீற்றருக்கு மேல் அநேகமாக வளராது. அதன் குடம்பி கண்ணாடி மாதிரி. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே நடப்பதெல்லாம் உயிரோடேயே தெரியும்.

2006 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தார், நியூத்திரோபில் என்ற வெண்குழியங்கள் பச்சையாய் ஒளிரும் சீப்ரா மீன்களை உருவாக்கினார்கள். அந்த ஒளிப் புரதம் ஜெலிமீனில் முதலில் கண்டது. குடம்பியின் வால் செட்டையில் சின்னதாய் வெட்டினால், பச்சைப் புள்ளிகள் காயத்தை நோக்கி ஓடி வரும். கூப்பிடுவது யார்? காயத்தின் விளிம்பில் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டு என்று 2009 இல் இதே மீனில் கண்டார்கள். நாங்கள் புண் கழுவுகிற அதே சாமான்தான்!

வந்த குழியங்கள் அங்கேயே செத்துப்போகும் என்றுதான் முன்னர் பெரும்பாலும் எண்ணினார்கள். 2006 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் அவற்றிற் பல திரும்பிப் போவதைக் கண்ணால் கண்டார்கள். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நஞ்சு, நெடுக நின்றால் நல்ல தசையையும் அரிக்கும். காவலுக்கு வந்தவன் போகாமல் நின்றால் வீட்டுக்காரனுக்கு என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

2014 இல் ஷெபீல்ட் குழுவினர், சீன மூலிகை ஒன்றிலுள்ள தான்ஷினோன் என்ற பொருள் இக்குழியங்களைக் காயத்திலிருந்து விரைவாய் விலகச் செய்வதைக் குடம்பிகளில் காட்டினார்கள். மீன் வேறு, மனிதர் வேறு. இதைக் கேட்டுவிட்டுக் கடையில் மூலிகை வாங்கிக் குடிக்க வேண்டாம். டொக்டர் தந்த மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உடம்பு எதிரியில்லை அம்மா. காவலுக்கு வந்தவைக்குத் திரும்பிப் போற வழி தெரியேல்லை." அந்த வழியைத் தேடுகிறவர்களில் நாளை எங்கள் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.