சிலிண்டர் ஏன் வேர்க்குது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முறுக்கு, அதிரசம் போடுற குழுக்கள்ல இருந்து வந்திருக்கிற அக்காமார் பல பேர் ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "பெரிய அடுப்பைப் பத்த வச்சு ஒரு மணி நேரத்துல தீ இறங்கிடுது. சிலிண்டர் வேர்த்து ஊத்துது, சில நாள் வெள்ளையா பனி படியுது. ஆனா தூக்கிப் பார்த்தா கனமா இருக்கு. கேஸ்ல ஏதாவது கலப்படமா?" இல்லைங்க. அது கேஸோட குணம். அந்தக் குணம் தெரியாம சில பேர் சிலிண்டர் மேல வெந்நீர் ஊத்துறதாக் கேள்விப்பட்டேன். அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

சிலிண்டருக்குள்ள இருக்கிறது புரொப்பேன், பியூட்டேன்னு ரெண்டு எரிபொருள் கலந்தது. ரெண்டும் உள்ளே திரவமாத்தான் இருக்கு. குலுக்கினா சத்தம் கேக்குமே, அதான். புரொப்பேன் சாதாரணமா மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாயிடும். நம்ம ஊர் வெயிலுக்கு அது திரவமா நிக்கவே கூடாது. அப்புறம் எப்படி நிக்குது? குக்கரை நினைச்சுப் பாருங்க. மூடியை இறுக்கி ஆவியை அடைச்சா, தண்ணி 100 டிகிரியில கொதிக்காம இன்னும் மேலே போகுது. அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும். சிலிண்டர்லயும் அதே கதைதான். அடைபட்ட ஆவியே அழுத்தி, மீதியைத் திரவமா வச்சிருக்கு.

வெயில் ஏறினா இந்த அழுத்தமும் ஏறும். தனிப் புரொப்பேனா இருந்தா 20 டிகிரியில சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 8 மடங்கு, 40 டிகிரியில 13 மடங்குக்கும் மேல. திரவமும் சூட்டுல உப்பும், தண்ணி உப்புறதைவிடப் பத்து மடங்குக்கு மேல. அதனாலதான் சிலிண்டரை முழுசா நிரப்பாம, மேலே கொஞ்சம் இடம் விடுறாங்க. அதைப் பார்த்து "குறைச்சுட்டாங்க"ன்னு சண்டைக்குப் போகாதீங்க. எடை சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. காலி எடை சிலிண்டர் மேலயே எழுதியிருக்கும். அதோட வீட்டு சிலிண்டருக்கு 14.2 கிலோ, கடை சிலிண்டருக்கு 19 கிலோ கூட்டினா வரணும். வேகமா எரியுது, மெதுவா எரியுதுங்கிறதை வச்சு அளவு சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது சூடுதான்.

இப்போ வேர்வைக்கு வருவோம். மண்பானையில தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது பானை குளிருதே! ஆவியாக எதுக்கும் சூடு வேணும். பெரிய அடுப்பு கேஸை வேக வேகமா இழுக்கும்போது, உள்ளே திரவம் அவசரமா ஆவியாகுது. அதுக்கு வேண்டிய சூட்டைத் தன்கிட்ட இருந்தே எடுத்துக்குது. சிலிண்டர் குளிருது, காத்துல இருக்கிற ஈரம் அது மேல படியுது. குளிர்ந்தா அழுத்தம் இறங்கும், தீயும் இறங்கும். மார்கழியில இது இன்னும் மோசம். புரொப்பேன் முந்தி ஆவியாகிப் போயிடும்; பியூட்டேன் கொதிக்கிறது கிட்டத்தட்ட 0 டிகிரியில, அது சோம்பேறி. அதனால சிலிண்டர் தீர்ற நேரம் தீ ரொம்ப மந்தமா இருக்கும்.

இதுக்கு வெந்நீர் ஊத்துறது, வெயில்ல வைக்கிறது, சாய்ச்சுப் படுக்க வைக்கிறது மூணுமே ஆபத்து. சூடேத்தினா அழுத்தம் எங்கே போய் நிக்கும்னு நமக்குத் தெரியாது. படுக்க வச்சா ஆவிக்குப் பதிலாத் திரவமே குழாய்க்குள்ள வரும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தா 250 லிட்டருக்கும் மேல ஆவியா விரியும், யோசிச்சுப் பாருங்க. சரியான வழி, ஏஜென்சி ஆளை வரவழைச்சு ரெண்டு கடை சிலிண்டரை ஒண்ணா இணைக்கச் சொல்றது. ரெண்டும் பாதிப் பாதி கொடுக்கும்போது அவ்வளவு குளிராது. செலவு கூடத்தான். ஆனா கடன் வாங்கித் தொழில் பண்ற குழுவுக்கு, பாதியில நின்ன எண்ணெய்ச் சட்டியும் நஷ்டம்தானே. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு வைக்கக் கூடாதுங்கிறது உங்களுக்குத் தெரியும், அதை நீட்டலை.

கடைசியா ஒண்ணு. இந்த ஆவி காத்தைவிடக் கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையோட பரவிப் பள்ளத்துல தங்கும். அதனால தொழில் கூடத்துல தாழ்வான ஜன்னலோ கதவோ திறந்தே இருக்கட்டும். நாத்தம் வந்தா லைட் சுவிட்சைத் தொடாம, இருக்கிற நெருப்பை அணைச்சு, ரெகுலேட்டரை மூடிட்டு எல்லாரும் வெளியே வந்துடுங்க. வெளியே வந்தபிறகு 1906-க்கு போன் பண்ணுங்க. கசிவுக்குன்னே இருக்கிற எண் அது.