புதிய பருவமும் தொடர்பியல் படிப்பும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி வழிகாட்டி அமர்வில், கல்விக் குழுவின் முன்னாள் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு "உயர்கல்வி வாய்ப்புகள்" என்பது. அது கடல் போன்றது. மருத்துவம், பொறியியல், வணிகவியல் பற்றிப் பேச ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் வருகிறார். ஆகவே இன்று நான் தொடர்பியல் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதழியல், காட்சித் தொடர்பியல், வெகுஜனத் தொடர்பியல் என்று பல பெயர்களில் பல்கலைக்கழகங்கள் இதனை நடத்துகின்றன. நமது மஹல்லாவில் இதனைப் படித்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். படிக்கத் தொடங்கி இடையில் நின்றவர் ஒருவரும் உண்டு. அவர் நின்றதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால்தான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தேன். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

"விஸ்காம்" என்றதும் நம் வீடுகளில் எழுகின்ற முதல் கேள்வி, "சினிமாவுக்கா போகப் போகிறாய்?" என்பதே. இந்தக் கேள்வியைக் கேட்கும் தந்தையரை நான் குறை கூற மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆயினும் பத்திரிகைத் தொழில் நமக்குப் புதியதன்று. இலங்கையின் கண்டி நகரில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1887இல் வெளிவந்த "சிங்கை நேசன்" வார இதழின் ஆசிரியர் மகுதூம் சாயபு. பா. தாவூத் ஷா நடத்திய "தாருல் இஸ்லாம்" இதழை நம் பாட்டனார் தலைமுறையில் வாசித்தவர்கள் இருந்தார்கள். அச்சுக்கோப்பதும் செய்தி எழுதுவதும் பிழை திருத்துவதும் சந்தா வசூலிப்பதுமாக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர்களுக்கு அதனைக் கற்றுக்கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் இருந்ததில்லை. இன்று இருக்கிறது. நாம்தான் போவதில்லை.

இந்தியாவில் இதழியலை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முதல் முயற்சி 1920இல் நமது சென்னை அடையாற்றில் நடந்தது. அன்னி பெசண்ட் அம்மையார் அங்கு நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் அது ஒரு பாடமாக வைக்கப்பட்டது. மாணவர்கள் அவருடைய "நியூ இந்தியா" நாளிதழில் செயல்முறைப் பயிற்சி பெற்றார்கள். அடுத்த முயற்சி அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில், 1938இல். சர் ஷா முஹம்மது சுலைமான், அன்றைய பெடரல் நீதிமன்ற நீதிபதி, அதற்கு ஊக்கம் அளித்தார். இரண்டே ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. பின்னர் 1941இல் லாகூரிலும், அதனையடுத்து 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் கல்வி தொடங்கப்பட்டது.

இன்று டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் வெகுஜனத் தொடர்பியல் ஆய்வு மையம் ஒன்று உள்ளது. துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய் 1982இல் அதனை நிறுவினார். இன்று அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அங்கு 2007இல் முதுகலை முடித்தவர் தானிஷ் சித்தீக்கி. இளங்கலையில் அவர் படித்தது பொருளாதாரம். முதலில் தொலைக்காட்சியில் வேலை பார்த்தார். பிறகு 2010இல் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து புகைப்படக்காரராக உயர்ந்தார். ரோஹிங்யா அகதிகளின் துயரத்தைப் படமெடுத்த ராய்ட்டர்ஸ் குழுவில் அவரும் ஒருவர். அக்குழுவுக்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2021 ஜூலை 16ஆம் நாள், ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தக் பகுதியில் பணியில் இருந்தபோது கொல்லப்பட்டார். கொரோனாக் காலத்தில் இந்தியாவில் எடுத்த படங்களுக்காக, 2022இல் மீண்டும் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் அவர் பெயரும் இருந்தது. இந்தத் தொழிலில் ஆபத்து இல்லை என்று சொல்லி உங்கள் பிள்ளைகளை அழைக்க எனக்கு மனமில்லை. ஆகவே இதனையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, இப்படிப்பில் என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? இளங்கலை மூன்றாண்டு, அதாவது ஆறு பருவங்கள். காட்சித் தொடர்பியலில் சேரும் மாணவர் முதலாண்டில் கேமராவைத் தொடுவதற்கு முன்னர் பென்சிலைத் தொட வேண்டியிருக்கும். கோட்டோவியம் அங்கு ஒரு பாடம். பிறகு புகைப்படக் கலை, அச்சும் பதிப்பும், விளம்பரம், வானொலி, தொலைக்காட்சித் தயாரிப்பு, கணினி வரைகலை, ஊடகச் சட்டம் என்று விரியும். இறுதியாண்டில் ஒரு நிறுவனத்தில் பயிற்சியும், தாமே செய்யும் ஒரு செயல்திட்டமும் உண்டு. சினிமாவும் ஒரு பாடம்தான். ஒரு பாடம் மட்டுமே. முடித்தவர்கள் நாளிதழிலும் விளம்பர நிறுவனத்திலும் மருத்துவமனைகளின் மக்கள் தொடர்புப் பிரிவிலும் பதிப்பகத்திலும் வேலை பார்க்கிறார்கள். தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. பொறியாளர் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதத் தெரிந்தவனுக்கு நிலைமை வேறு. எழுத வராத பிள்ளையை "கேமரா பிடிக்கத் தெரியும்" என்பதற்காக மட்டும் இதில் சேர்க்காதீர்கள் என்பது எனது தனிப்பட்ட கருத்து.

எங்கே படிக்கலாம் என்றால், முதுகலைக்குச் சென்னை, மதுரை காமராசர், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், கோவை பாரதியார், சேலம் பெரியார் ஆகிய பல்கலைக்கழகங்களில் துறைகள் உள்ளன. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்லியில் 1965இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் மையம் ஒன்று கேரளத்தின் கோட்டயத்தில் உள்ளது. நமக்கு அது எட்டாத் தொலைவன்று. வேலையில் இருப்பவர்களுக்கும் வீட்டை விட்டு நீங்க இயலாத சகோதரிகளுக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதழியலில் முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை அதில் சேரலாம்.

சேருவது எப்படி என்பதில் இப்போது கவனம் வைக்க வேண்டுகிறேன். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் "கியூட்" என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம், பிளஸ் டூ முடிவு வெளியாவதற்கு முன்னரே முடிந்துவிடும். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று இருப்பவர்கள் பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு வருபவர்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இப்படிப்பு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருப்பதால், கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது சான்றிதழ். மாநில அரசின் இடஒதுக்கீட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழ் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஆனால் அதனை மத்தியப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். அங்கு வேண்டியது "ஓ.பி.சி., கிரீமி லேயர் அல்லாதோர்" என்னும் வேறொரு சான்றிதழ். மத்திய அரசின் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் இருக்கிறார்கள். இதற்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்தந்த நிதியாண்டில் பெற்ற சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். பழையதை மேசையில் வைத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

பெயர்! இதனைச் சொல்லாமல் போனால் என் உரை நிறைவுறாது. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்? பிறப்புச் சான்றிதழில் "யு" போட்டு, பள்ளியில் "ஓ" போட்டு, ஆதார் அட்டையில் "எம்.டி." என்று சுருக்கி, மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று விதம். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் இவை பொருந்தாவிட்டால் அலைச்சல்தான். மாற்ற வேண்டியதை விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றுங்கள். மதிப்பெண் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது எளிது.

சேரும்போது சில கல்லூரிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதுண்டு. சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. சேர்ந்த பிறகு வேறிடம் கிடைத்து விலகினால், எத்தனை நாட்களுக்குள் விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றும் அதே அறிவிப்பு கூறுகிறது. கேட்பவருக்குத்தான் கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. தமிழ் வழியில் படித்த அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு.

இனி, நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன்.

சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு பருவமும் ஒரு புதிய சேர்க்கைதான். கட்டணம் செலுத்த வேண்டும், விருப்பப் பாடத்தைத் தேர்ந்து பதிய வேண்டும், தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். அஞ்சல்வழியிலும் திறந்தநிலையிலும் படிப்பவர்கள் தேர்வெழுதினாலும் எழுதாவிட்டாலும் உரிய காலத்தில் மறுபதிவு செய்தாக வேண்டும். நான் கல்விக் குழுவின் செயலாளராக இருந்த காலத்தில் நம் மஹல்லா மாணவன் ஒருவன் காட்சித் தொடர்பியலில் இரண்டு பருவங்களை நல்ல மதிப்பெண்களோடு முடித்திருந்தான். தந்தைக்குச் சிறு பலசரக்குக் கடை. மூன்றாம் பருவக் கட்டணத்துக்கு பைத்துல்மால் உதவி கேட்டு விண்ணப்பம் கொடுத்தான். கடைசித் தேதியை அதன் மேல் மூலையில் சிவப்பு மையால் எழுதியும் இருந்தான்.

குழுக் கூட்டம் அந்த வாரம் நடக்கவில்லை. ஒரு நிக்காஹ், அடுத்து ஒரு மவுத்து, பிறகு உறுப்பினர்கள் இருவர் ஊரில் இல்லை. விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் பதினொரு நாட்கள் இருந்தது. அவன் இருமுறை வந்து கேட்டான். "கூட்டம் போட்டுச் சொல்கிறோம் தம்பி" என்றேன். மூன்றாம் முறை வரவில்லை. நாங்கள் தொகையை ஒப்புதல் செய்தபோது அபராதத்துடன் கட்டும் தேதியும் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு இளையவர்களோடு மீண்டும் சேரலாம் என்று கல்லூரியில் கூறினார்கள். விதி அப்படி. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த ஓராண்டு இடைவெளியில் அவன் விசா கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டான். கைப்பேசிக் கடையில் வேலை. விடுமுறையில் வரும்போது ஸலாம் சொல்கிறான், சிரிக்கிறான். படிப்பைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அவன் தந்தை இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் தனியே கேட்ட மன்னிப்பை இன்று உங்கள் முன்னிலையிலும் கேட்கிறேன்.

ஆகவே நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோளை எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேருவோருக்கு உதவி, தொடர்ந்து படிப்போரின் பருவக் கட்டணம் என்று இரண்டு கணக்குகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது கணக்கிலிருந்து, கூட்டத்துக்குக் காத்திராமல், தலைவரும் பொருளாளரும் கையெழுத்திட்டு மூன்று நாட்களுக்குள் நேரடியாகக் கல்லூரிக்கே செலுத்த வேண்டும். கூட்டம் பிறகு அதனைப் பதிவு செய்துகொள்ளட்டும். பணம் தவறிப் போகுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கல்லூரி ரசீது கைக்கு வரும்போது எங்கே தவறும்? தலைவர் அவர்கள் இதனைப் பரிசீலிப்பதாகக் கூறியிருக்கிறார்கள். பரிசீலனைக்கும் ஒரு கடைசித் தேதி வைத்தால் நன்றாக இருக்கும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை தொடங்கி, வாரந்தோறும் மக்ரிபுக்குப் பின் மதரஸாக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நானும் இரு பட்டதாரி இளைஞர்களும் அமர்ந்திருப்போம். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறையில், கல்லூரியில் பணியாற்றும் நமது சகோதரி ஒருவர் இருப்பார். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் அடுத்த பருவத்தின் கடைசித் தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். அதனை நாங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கிறோம்.