சாவியை விட்டதும் அணையும் வண்டி

அமெரிக்காவில் 1970களில் ஓடிய டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் ஒரு கோளாறு வரும். சாவியைத் திருகினால் இன்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். கையை எடுத்த நொடியே அணைந்துவிடும். பலர் பெட்ரோல் பம்ப்பையும் கார்புரேட்டரையும் கழற்றிப் போடுவார்கள். பாவம், வீண் செலவு!

அணையும் அந்தத் தருணம்தான் துப்பு. ஸ்டார்ட் செய்யும்போது இக்னிஷன் காயிலுக்கு பேட்டரி மின்சாரம் நேராகப் போகும். சாவி ஓடும் நிலைக்குத் திரும்பியதும், பேலஸ்ட் ரெசிஸ்டர் என்ற சிறு பீங்கான் கட்டை வழியாகத்தான் போகும். காயில் சூடாகிக் கருகாமல் காப்பது அதன் வேலை. உள்ளிருக்கும் கம்பி அறுந்தால் தீப்பொறி நின்றுவிடும்.

சாவியை அணைத்து, ரெசிஸ்டர் ஆறிய பிறகு ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இணைப்பே காட்டாவிட்டால் மாற்றிவிடுங்கள். விலை மலிவு, விவரம் தெரிந்தவர்கள் டேஷ்போர்டில் ஒன்றை ஸ்பேராகவே வைத்திருப்பார்கள். ஒயரால் நேரடியாக இணைத்து ஓட்டலாமா? வேண்டவே வேண்டாம், காயில் போய்விடும். ரெசிஸ்டர் நன்றாக இருந்தால் அடுத்தது சாவி சுவிட்ச். சில நிமிடம் ஓடிய பிறகு அணைகிறதா? அப்போதுதான் பெட்ரோல் பக்கமும் பார்க்க வேண்டும்.