வீட்டு வைஃபையும் பொதுப் பாதுகாப்பும்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்கேற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவர் வீட்டு இணையக் கருவியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். இது பொறியாளர்களுக்குரிய பொருள் அன்றோ என்று நீங்கள் கேட்கக்கூடும். கருவியை உருவாக்குவது பொறியாளரின் பணிதான். ஆனால் அதைப் பாதுகாப்பாக வைத்திருப்பதால் யாருக்கு நன்மை, அவ்வாறு வைத்திராவிடில் யாருக்கு நட்டம், அந்த நட்டத்தை இறுதியில் யார் சுமக்கிறார்கள் என்பவை பொருளாதாரக் கேள்விகளே. வீட்டுக் கூடத்தில் சிறு விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் ரௌட்டர் என்னும் அந்தப் பெட்டி தனியார் உடைமை. அதன் பாதுகாப்போ பொதுநலன் சார்ந்தது. இன்று நான் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அன்று தொலைபேசிக் கம்பி இன்றி இணையம் இல்லை. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. வீடுதோறும் வைஃபை பரவ இம்முடிவு பெரிதும் துணை செய்தது. உரிமம் வேண்டாம் என்பதால் பொறுப்பும் வேண்டாம் என்பது பொருளன்று. இதை நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு வந்தது. அதன் மூலத்தைத் தேடிச் சென்ற புலனாய்வாளர்கள் நவி மும்பையிலுள்ள ஒரு குடியிருப்பை அடைந்தனர். அவ்வீட்டின் வைஃபை தக்க காப்பின்றி இருந்தமையால் வெளியார் அதனுள் புகுந்து அஞ்சலை அனுப்பியிருந்தனர். குற்றத்தில் தொடர்பில்லாதவர்கள் விசாரணைக்கு ஆளாக நேர்ந்தது. இதன்பின் 2009-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்களை வழங்கியது.

அமைக்கும் முறை

கருவியை அமைப்பது கடினமன்று. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து சற்று உயரத்தில், திறந்த இடத்தில் அதை வைத்தல் நன்று. இரும்பு அலமாரிக்குள்ளோ, பெரிய கண்ணாடிக்குப் பின்னாலோ, தண்ணீர்த் தொட்டியின் அருகிலோ வைத்தால் அலைகள் தடைப்படும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அதனருகில் வைத்தல் ஆகாது. இக்காலக் கருவிகள் பல இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும்; வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. சுவர்களால் விரைவில் வலுவிழக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டு அலைகளோடு மோதல் ஏற்படின், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். இடம்விட்டு நகராத மேசைக் கணிப்பொறிக்குக் கம்பி இணைப்பே சிறந்தது.

இரண்டு கடவுச்சொற்கள்

பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஒரு ரௌட்டருக்குக் கடவுச்சொல் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, வைஃபையில் இணைவதற்கானது. விருந்தினர் கேட்கும்போது நாம் சொல்வது இதனையே. இரண்டாவது, கருவியின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல். முதலாவதை வீட்டின் வாசல் சாவி எனலாம். இரண்டாவது, பூட்டையே மாற்றி அமைக்கும் அதிகாரம்.

நம் நாட்டில் இணைப்புத் தர வரும் ஊழியர் முதலாவதைச் சந்தாதாரரின் கைபேசி எண்ணாகவே அமைத்துவிட்டுச் செல்வது பரவலான வழக்கம். இரண்டாவதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை. அது தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்' என்ற சொல்லாகவே ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. கருவியின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதாகும். உலாவியில் அம்முகவரியை இட்டு உட்சென்று, முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பதில் என்ன தீங்கு என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்குபவை. ஆகவே மொத்த வாய்ப்புகள் 400 கோடிக்கு மிகா. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், ஒருவர் வைஃபையில் இணையும் தருணத்தில் பரிமாறப்படும் செய்தியை அருகிலிருந்து பதிவு செய்துகொண்டு, பின்னர் தம் கணிப்பொறியில் ஓய்வாகக் கடவுச்சொற்களைச் சோதிக்க இயலும். நொடிக்கு 2 இலட்சம் வீதம் சோதித்தால் 400 கோடியையும் முடிக்க 20,000 நொடிகள், அதாவது ஐந்தரை மணி நேரமே ஆகும். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2021-இல் இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் நகரில் ஓர் ஆய்வாளர் 5,000 வைஃபை இணைப்புகளைச் சோதித்து, அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டின் கடவுச்சொற்களைக் கண்டறிந்தார். அங்கும் கைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கமே முதன்மைக் காரணம்.

இதற்கு மாற்று எளிது. 5,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தொடர்பற்ற நான்கு சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கோத்தால், அதே வேகத்தில் அனைத்தையும் சோதிக்க ஏறத்தாழ 100 ஆண்டுகள் தேவை. ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது சுமார் 5 இலட்சம் ஆண்டுகளாகிவிடும். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் சொற்களை நாமே விருப்பப்படி தேர்ந்தால் இக்கணக்கு பொருந்தாது. குழந்தையின் பெயரும் ஊரின் பெயரும் எவரும் ஊகிக்கத் தக்கவை.

மூட வேண்டிய கதவுகள்

மறையாக்க முறைகளில் டபிள்யூ.இ.பி. என்பதை அறவே நீக்க வேண்டும். அதன் குறைபாடு 2001-லேயே மெய்ப்பிக்கப்பட்டது. கருவியில் 2018-இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 இருப்பின் அதையே தேர்க. பதிவு செய்துகொண்டு பின்னர் ஊகிக்கும் வழியை அது அடைக்கிறது. இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 போதுமானது, நெடிய கடவுச்சொல் அதற்கு இன்றியமையாதது.

டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியில் எட்டு இலக்க எண் ஒன்று கடவுச்சொல்லுக்கு மாற்றாகப் பயன்படுகிறது. கருவி அவ்வெண்ணை இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011-இல் வெளியாயிற்று. அதை அணைத்துவிடுக. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் தேவையில்லையேல் அணைத்துவிடுக. விருந்தினருக்கும், கண்காணிப்பு ஒளிப்படக்கருவி போன்ற பொருள்களுக்கும் தனி விருந்தினர் இணைப்பு அமைத்தல் நலம். கருவியின் உள்மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல் அவசியம். பழைய கருவியை விற்கும்போதும் கழிக்கும்போதும் அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பின்னரே கையைவிட்டு அனுப்புக.

பிறர் சுமக்கும் செலவு

இவ்வளவு எளிய காரியங்களை மக்கள் ஏன் செய்வதில்லை? சோம்பல் என்று கூறி முடித்துவிடுவது எளிது. பொருளியல் தரும் விடை வேறு. பிரேசிலில் 2011-ஆம் ஆண்டளவில் சுமார் 45 இலட்சம் மோடம்களின் அமைப்புகளைக் குற்றவாளிகள் மாற்றினர். வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தவர்கூடப் போலிப் பக்கத்திற்கு இட்டுச் செல்லப்பட்டார். அங்கே வீட்டுக்காரர் தாமே பாதிக்கப்பட்டார். ஆனால் 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரலின் கதை வேறு. சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டுமே வரிசையாகச் சோதித்து, எண்ணற்ற வீட்டுக் கருவிகளை அது கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டு தொடுத்த தாக்குதலால் அமெரிக்காவில் பெரும் இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தம் கருவி அத்தாக்குதலில் பங்கேற்றதை அதன் உரிமையாளர்களில் பெரும்பாலோர் அறியவே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் மிராயின் வேறொரு வடிவம் ஜெர்மனியில் சுமார் 9 இலட்சம் வீடுகளின் இணைப்பைச் சீர்குலைத்தது.

நட்டம் ஒருவருக்கு, அலட்சியம் மற்றொருவருடையது. இதையே பொருளியலில் புறவிளைவு என்கிறோம். மொட்டைமாடியில் தேங்கிய நீரில் உற்பத்தியாகும் கொசு அவ்வீட்டாரை மட்டுமே கடிப்பதில்லை. எனவேதான் நகராட்சிப் பணியாளர் வீடுவீடாகச் சென்று நீர்த்தொட்டிகளைப் பார்வையிடுகிறார். தகவல் பாதுகாப்பின் சிக்கல் தொழில்நுட்பத்தைவிடப் பொருளாதார ஊக்கங்களிலேயே பெரிதும் அடங்கியுள்ளது என்பதை இங்கிலாந்து அறிஞர் ராஸ் ஆண்டர்சன் 2001-இல் எடுத்துரைத்தார். இதனுடன் மற்றொரு குறையும் சேர்கிறது. கடையில் அடுக்கியுள்ள இரு பெட்டிகளில் எது பாதுகாப்பானது என்பதை வாங்குபவர் பார்த்து அறிய இயலாது. தரம் கண்ணுக்குப் புலப்படாத சந்தையில் மலிவான தாழ்ந்த சரக்கே நல்ல சரக்கை வெளியேற்றும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். ஆகவே நுகர்வோருக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது.

அரசின் பங்கு

சிங்கப்பூர் 2021 முதல் வீட்டு ரௌட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களை இட்டு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் தடைசெய்துள்ளது. எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிட்டும் என்பதையும் விற்பனையாளர் வெளியிட வேண்டும். நம் நாட்டிலும் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் இயங்கும் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் வைஃபை கருவிகளுக்கான பாதுகாப்புத் தேவைகளை வகுத்துள்ளது. 2017-இல் தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்தா கேந்திரா தீநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. இணைய நிதி மோசடிக்கு ஆளானோர் உடனடியாக 1930 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவற்றோடு மேலும் சில செய்யத் தக்கவை என்று கருதுகிறேன். இணைப்பு அளிக்கும் ஊழியர், சந்தாதாரரின் கையாலேயே இரு கடவுச்சொற்களையும் மாற்றச் செய்து, வட்டார மொழியில் அச்சிட்ட ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். புதுப்பிப்பு கிட்டும் காலத்தைப் பெட்டியின் மேல் அச்சிடலாம். வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்களுக்குத் தத்தம் வீட்டு இணைப்பைச் சீர்செய்தல் பணிநெறியின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும். அரசின் இரகசியம் அலுவலக வாசலில் நின்றுவிடுவதில்லை; அது அவர்களுடன் வீட்டிற்கும் வருகிறது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும், முதியோர் தனித்து வாழும் அண்டை வீடுகளிலும் அவர்கள் இசைவோடு இவ்வேலையை நீங்களே செய்து கொடுங்கள். புதிய கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி அவர்களிடமே ஒப்படையுங்கள். கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்புபவர் தம் குழந்தையை மட்டும் காப்பதில்லை. அவ்வழியே செல்வோர் அனைவரையும் காக்கிறார். சட்டமும் தரநிர்ணயமும் தம் பணியைச் செய்யட்டும். அவை முழுமை பெறும் வரை காத்திராமல் நம் வீட்டுச் சுவரை நாம் இன்றே எழுப்புவோமாக.