பாட்டன் பிறந்த இடமும் பேரனின் உரிமையும்

உரிமை என்னும் சொல்லை உரக்கச் சொல்லும் நாடுகள் இன்று பல. பேச்சுரிமை, எழுத்துரிமை, வாக்குரிமை, வழிபாட்டுரிமை எனப் பட்டியலிட்டுப் பெருமை கொள்வனவும் அவையே. அவ்வுரிமைகள் யாருக்கு என வினவினால், ‘எம் குடிமக்களுக்கு’ என்று விடை வரும். குடிமகன் யார் என அடுத்து வினவுங்கள். அங்கேதான் கால் தடுக்குகிறது. குடியுரிமை என்பது பத்து உரிமைகளோடு பதினோராவது உரிமையன்று. மற்றை உரிமைகள் அனைத்தும் நுழைவதற்குரிய வாயில் அது. அவ்வாயிலின் திறவுகோல் ஆள்வோர் மடியில் இருக்குமட்டும், உள்ளேயிருக்கும் உரிமைகளும் அவர் மடியிலேயே இருக்கின்றன.

இவ்வுண்மையை மெய்ப்பிக்கக் கொடுங்கோலரசு எதனையும் தேடிச் செல்ல வேண்டா. நாடாளுமன்ற ஆட்சிக்கே தாய் எனப் போற்றப்பெறும் பிரித்தானியாவின் வரலாறே போதும்.

அழைத்த காலம்

1948 சூன் 22ஆம் நாள், தேம்சு ஆற்றுத் துறையாகிய தில்பரியில், ‘எம்பயர் விண்ட்ரசு’ என்னும் கப்பலிலிருந்து கரிபியத் தீவினர் எண்ணூற்றுவர்க்கும் மேலானோர் இறங்கினர். அவருட் பலர் இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படைக்குப் பணிபுரிந்தவர். அவர்கள் அயலவராக வரவில்லை. பிரித்தானிய முடியின் குடிகளாகவே வந்தனர். அதே ஆண்டு சூலைத் திங்களில் நிறைவேறி, 1949 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், பிரித்தானியாவுக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் பொதுவாக ஒரே குடியுரிமையை வகுத்தது. இலண்டனிற் பிறந்தவனும் சமைக்காவின் கிங்சுட்டனிற் பிறந்தவனும் அச்சட்டத்தின் முன் ஒரு நிகர்.

இஃது ஈகையன்று, தேவை. போரில் இடிந்த நாட்டைக் கட்டக் கைகள் வேண்டியிருந்தன. அதே 1948இல் தொடங்கிய நாட்டு மருத்துவப் பணிக்குச் செவிலியர் வேண்டியிருந்தனர். இலண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படோசுத் தீவுக்கே சென்று ஆள் எடுத்தது. வந்தவர்கள் உழைத்தார்கள், வரி செலுத்தினார்கள், பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். அப்பிள்ளைகளுட் பலர் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே வந்தவர். தனிச்சீட்டு எதற்கு? தம் நாட்டுக்குள் தாமே வருவதற்கு யாரிடம் என்ன சான்று காட்டுவது?

அளவுகோல் மாறிய காலம்

வீடு கட்டி முடிந்தபின் கொத்தனுக்கு வாயிலை அடைப்பதுபோல் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1962இன் சட்டம் பொதுநல நாட்டினரின் வருகைக்குப் பணிச்சீட்டு முறையைக் கொணர்ந்தது. 1968இல் கெனியாவில் வாழ்ந்த இந்திய வழியினர், அந்நாட்டின் நெருக்கடியால் பிரித்தானியாவை நோக்கினர். அவர்கள் கையிலிருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. ஆயினும் மூன்றே நாள்களில் நாடாளுமன்றத்தைக் கடந்த ஒரு சட்டம், ‘நும் பெற்றோருள் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ பிரித்தானிய மண்ணிற் பிறந்தனரா?’ என்று கேட்டது. தோலின் நிறம் என்னும் சொல் அச்சட்டத்தில் எங்குமே இல்லை. ஆனால் பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டால் நிறம் தானே விடையாகி வந்துவிடும். அக்கொடுமைக்கு ஆளானோரின் முறையீட்டை ஆய்ந்த ஐரோப்பிய மாந்தவுரிமை ஆணையம், இத்தகைய இன வேறுபாடு மாந்தரை இழிவுபடுத்தும் நடத்துமுறையே என 1973இல் முடிவு கண்டது.

பாட்டனைத் தேடும் இவ்வளவுகோல் தமிழர்க்குப் புதியதன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அம்மண்ணிலே பிறந்தவனிடமும் தந்தை பிறந்த இடத்தைக் கேட்டது. அஃதின்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டது. காட்டை அழித்துத் தேயிலை மலைகளை ஆக்கிய உழைப்பாளியிடம் அச்சான்று எங்கேயிருக்கும்? ஏறத்தாழ ஏழிலக்கம் மலையகத் தமிழர் நாடிலிகளாயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அவர்தம் வழக்கு இலண்டனின் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் குடிகள் யாவர் என வரையறுப்பது அந்நாட்டுச் சட்டமன்றின் உரிமையே என 1953இல் அம்மன்று தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டப்படி நடந்தது என்பதும் முறைப்படி நடந்தது என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆவணம் கேட்ட காலம்

மீண்டும் பிரித்தானியாவுக்கு வருவோம். 1973 சனவரி 1இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், அதற்குமுன் வந்து நிலைத்துவிட்ட பொதுநல நாட்டினர் தொடர்ந்து தங்கலாம் என்றது. உரிமை தந்த அரசு, அவ்வுரிமைக்கு ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. யார் யார்க்குத் தந்தோம் எனக் குறித்து வைக்கவும் இல்லை. ‘எனக்கு உரிமை உண்டு’ என மெய்ப்பிக்கும் சுமையை மட்டும் அவர்கள் தலையில் ஏற்றியது. 1983இல் நடைமுறைக்கு வந்த அடுத்த சட்டம், அம்மண்ணிற் பிறந்தாலே குடிமகன் என்னும் பழைய நெறியையும் நீக்கிற்று.

நாற்பதாண்டு அச்சுமையை எவரும் உணரவில்லை. 2012இல் உள்துறை அமைச்சராயிருந்த தெரசா மே, இசைவின்றித் தங்கியிருப்போர்க்கு நாட்டையே பகைச்சூழலாக்கும் கொள்கையை அறிவித்தார். 2014, 2016 ஆண்டுகளின் சட்டங்கள் அதனைச் செயலாக்கின. வீட்டுக்காரர், வங்கியாளர், பணிதருவோர் ஆகிய அனைவரும் எல்லைக் காவலராக்கப்பட்டனர். குடிக்கூலிக்கு வீடு கேட்டாலும் ஆவணம். பணி கேட்டாலும் ஆவணம். கப்பலிறங்கிய நாளைக் காட்டும் பழைய வருகைச்சீட்டுகளோ, 2010இல் உள்துறையாலேயே அழிக்கப்பட்டிருந்தன. சான்றை அழித்தவன் சான்று கேட்டான்!

விளைவு யாது? பிள்ளைப் பருவத்திலே வந்து, ஐம்பதாண்டு வாழ்ந்து, பேரன் பேத்தியும் கண்ட முதியோர் பணியிழந்தனர், வீடிழந்தனர், மருத்துவம் மறுக்கப்பட்டனர், சிறைவைக்கப்பட்டனர். நாட்டினின்று வெளியேற்றப்பட்டோர் குறைந்தது 83 பேர் என உள்துறையே கணக்குக் காட்டியது. 2018 ஏப்பிரலில் இக்கொடுமை வெளிச்சத்துக்கு வந்ததும், அப்போது தலைமையமைச்சராயிருந்த தெரசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆம்பர் இரட் பொறுப்பினின்று விலகினார். வெண்டி வில்லியம்சு 2020இல் அளித்த ஆய்வறிக்கை, இது முன்னரே அறிந்து தவிர்த்திருக்கக் கூடியதே என்றது. இழப்பீட்டுத் திட்டம் 2019இல் வந்தது. ஆனால் இழப்பீடு கைக்கு வருமுன்னரே 23 பேர் மாண்டனர் என 2021இல் நாடாளுமன்றக் குழு சுட்டியது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

‘எந்த நாடும் தன் வாயிலைக் காக்கத்தானே வேண்டும்?’ என ஒருவர் கேட்கலாம். முறையான கேள்வியே. வாயிலே இல்லாத வீடு வீடாகாது. தன் மொழியையும் வாழ்வையும் தானே ஆள விரும்பும் எம்மக்களும், தம்மோடு யார் வந்து சேர்வது என்பதில் ஒரு சொல் சொல்லும் உரிமையைக் கைவிடார். அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சர் 1983இல் எழுதிய நூலில் இவ்வுரிமையை ஏற்கிறார். ஆனால் அதனோடு ஒரு கடமையையும் பிணைக்கிறார்: உழைக்க உள்ளே விட்டவனை என்றும் குடியுரிமையற்றவனாகவே வைத்திருப்பது கொடுங்கோன்மை. வருவோரைத் தேர்வது ஒன்று. வந்து வேர்விட்டவரைப் பிடுங்கியெறிவது வேறொன்று. முன்னது காவல், பின்னது கொடுமை.

‘குற்றமற்ற குடிமகனுக்கு இதனால் என்ன அச்சம்?’ எனவும் கேட்பர். விண்ட்ரசுத் தலைமுறை எக்குற்றம் செய்தது? இசைவின்றி வந்தோர்க்கென விரித்த வலையில் உரிமையுடையோரே சிக்கினர். வலைக்கு முகம் தெரியாது, தாள்தான் தெரியும். அயலானை அடைக்க எழுப்பும் சுவர், குடிமகனையும் ‘நீ யார்?’ எனக் கேளாமல் நிற்பதில்லை. 2022இல் வந்த சட்டமோ, சில நிலைகளில் முன்னறிவிப்பே இன்றி ஒருவரின் குடியுரிமையைப் பறிக்கவும் அமைச்சர்க்கு இடந்தந்தது. கொடுத்தவனே பறிக்கலாம் என்றால் அஃது உரிமையா, இரவலா?

அவையோரே! இனப்பற்றும் மொழிப்பற்றும் உடையோர் இவ்வரலாற்றை இருமுறை படிக்க வேண்டும். பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்ட சட்டத்தால் நாடிழந்தவர்கள் தமிழர். அந்த அளவுகோலைத் தமிழர் ஒருநாளும் தம் கையில் எடுத்தலாகாது. ஒரு மண்ணில் வாழ்ந்து, அதன் மொழியை ஏற்று, அதன் நல்லது கெட்டதில் பங்கு கொள்பவனே அம்மண்ணின் குடி. ஓர் அரசின் உரிமைப் பற்றை அதன் பாராளும் மன்றின் முழக்கத்தில் அளவிடாதீர்கள். தாளில்லா ஒரு முதியவன் அதன் அலுவலக வாயிலில் நிற்கும்போது, அவனை அஃது எவ்வாறு நடத்துகிறது என்பதில் அளவிடுங்கள்.