தாத்தாவின் பழைய பஞ்சாங்கம்

(எங்கள் கிளையின் மார்கழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருப்பாவை கோஷ்டி முடிந்து, வெண்பொங்கல் வாசனை மூக்கைத் துளைக்கும் நேரத்தில் ஒரு ரிடையர்ட் தணிக்கை அதிகாரியைப் பேசக் கூப்பிட்டது செயலாளரின் துணிச்சல். 15 நிமிஷம்தான் என்று எச்சரித்திருக்கிறார். ஆயுசு முழுக்கப் பிறர் கணக்கைப் பார்த்தவன் நான். இன்று என் கணக்கில் உள்ள ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், காவேரிப் பாசனம். மார்கழி பாதிக்கு மேல் தாத்தா தினமும் காலையில் சந்தியாவந்தனம் முடித்து வாசலில் நின்று ஆகாசத்தைப் பார்ப்பார். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் அந்த நாட்களுக்குக் கர்ப்போட்டம் என்று பெயர். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 10, 11 வரை வரும். அப்போது மேகம் கர்ப்பம் தரிக்கிறது, தூறலும் குளிர்காற்றும் இருந்தால் வரும் வருஷம் நல்ல மழை என்பது நம்பிக்கை.

1971-ல் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த மிதப்பில் நான் கேட்டேன்: "மேகத்துக்கு ஏது தாத்தா கர்ப்பம்?" அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ படிச்சவன். பொய்னு தோணினா எழுதி வெச்சுப் பாரு. சும்மா வாயால சொல்லாதே" என்றார். நான் எழுதி வைக்கவில்லை. வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கர்ப்ப சாஸ்திரம் பழையது. ஆறாம் நூற்றாண்டில் வராஹமிஹிரர் பிருஹத் சம்ஹிதையில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். கர்ப்பம் தரித்து 195 நாளில் மழை என்பது அவர் கணக்கு. ஜனவரி முதல் வாரத்திலிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை நடுவில் வந்து நிற்கும். அவர் அவந்தி தேசத்துக்காரர். ஜூலை என்றால் உஜ்ஜயினியில் நல்ல மழைக்காலம். நம் தஞ்சாவூருக்குப் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆனால் ஜூலையில் குடகில் பெய்கிற மழைதான் மேட்டூரை நிரப்பி நம் வாய்க்காலுக்கு வருகிறது. ஆகவே ஒரு ஊரில் கண்ட குறியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனால், எந்த மழையை அது சொல்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

உத்தியோகத்தில் கல்கத்தாவுக்கு மாற்றலானபோது வங்காளத்தின் கனா வாக்குகளைக் கேட்டேன். கனா வராஹமிஹிரரின் மருமகள் என்பது கர்ணபரம்பரைக் கதை. சரித்திர ஆதாரம் கிடையாது. அக்ரஹாயண மாசத்தில் மழை பெய்தால் ராஜாவே பிச்சைக்குப் போவான், மாக மாசக் கடைசியில் பெய்தால் ராஜாவும் தேசமும் பாக்கியசாலிகள் என்று பொருள்பட ஒரு வாக்கு. இதில் ஜோசியமே இல்லை. அக்ரஹாயணம் ஆமன் நெல் அறுவடைக் காலம். முற்றிய கதிரில் மழை விழுந்தால் எல்லாம் போச்சு. மாகக் கடைசி என்றால் பிப்ரவரி நடு. அப்போது மண் நனைந்தால் உழவுக்கு லாபம். ஒரு குடியானவனின் அனுபவம் வாக்காக நின்றிருக்கிறது.

ஐரோப்பாவில் இவை கிறிஸ்தவ மகான்களின் நாட்களோடு ஒட்டிக்கொண்டன. டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். ஸ்வீடனில் அன்று பெண்குழந்தைகள் தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்துப் பாடிக்கொண்டு வருவார்கள். வருஷத்திலேயே நீண்ட இரவு அதுதான் என்பது பழைய சொல். ஆனால் நீண்ட இரவு டிசம்பர் 21, 22-ல் அல்லவா? சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. பழைய ஜூலியன் காலண்டர் சூரியனோடு ஒத்துப்போகாமல் நழுவியதால், மத்திய காலத்தில் அந்த இரவு 13-ஐ ஒட்டித்தான் வந்தது. 1582-ல் போப் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 ஆயிற்று. இங்கிலாந்து 1752-லும் ஸ்வீடன் 1753-லும் 11 நாளைத் தள்ளின. மகானின் நாள் தேதியோடு நின்றுவிட்டது, இருட்டு மட்டும் நகர்ந்து போய்விட்டது.

சிரிக்க வேண்டாம், நம் கதையும் இதுதான். உத்தராயண புண்யகாலம் என்று தை முதல் தேதி தர்ப்பணம் செய்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது. நம் சௌர மாசம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து விலகுகிறது. மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் அமைந்த நாட்காட்டி சீர்திருத்தக் குழு இதை ஆராய்ந்து சொல்லியும் இருக்கிறது. வராஹமிஹிரர் காலத்திலிருந்து எண்ணினால் விலகல் ஏறக்குறைய மூன்று வாரம். தர்ப்பணத்தை மாற்றச் சொல்லவில்லை, அது வேறு விஷயம். மழைக் குறியை மட்டும் இந்தக் கணக்கோடு பாருங்கள் என்கிறேன்.

நம் மகான்களின் நாட்கள் நட்சத்திரத்தையோ திதியையோ பார்த்து வருபவை. தொண்டரடிப்பொடி ஆழ்வாருக்கு மார்கழிக் கேட்டை, தியாகராஜ ஸ்வாமி ஆராதனைக்குப் புஷ்ய பகுள பஞ்சமி. இங்கிலீஷ் தேதியில் பார்த்தால் வருஷா வருஷம் முன்னே பின்னே போகும். சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். 2018-ல் சிவராத்திரி பிப்ரவரி 13, 2021-ல் மார்ச் 11. குளிர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்பும்?

இதுவரை சொன்னது வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சராசரிக்கு அது சரி. ஆனால் 1964 டிசம்பர் 22 ராத்திரி, மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனபின், புயல் தனுஷ்கோடியை அழித்து பாசஞ்சர் ரயிலையே கடலில் தள்ளியது. 2023-ல் மார்கழி பிறந்த முதல் இரண்டு நாளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு ரேடியோவில் எச்சரிக்கை வந்தால், "கார்த்திகைதான் போயாச்சே" என்று அவர்கள் சொல்ல விடாதீர்கள். பழமொழி சராசரியைச் சொல்லும். ஆளைக் கொண்டுபோவது விதிவிலக்கு.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தாத்தா, அப்பா எல்லாரும் போய், 1986-ல் ஊரில் வீட்டை விற்றோம். சித்தப்பா கல்கத்தாவுக்கு இன்லண்ட் லெட்டர் போட்டார்: "பரணில் தாத்தாவின் பஞ்சாங்கங்கள் ஒரு கட்டு இருக்கிறது, என்ன செய்யலாம்?" நான் பதில் எழுதினேன்: "பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடைக்குப் போட்டுவிடுங்கள்." எழுதிவிட்டு என் சிலேடையை நானே ரசித்தது கூட நினைவிருக்கிறது.

ஒன்றே ஒன்று அப்பாவின் ஸ்தோத்திரப் புஸ்தகங்களோடு சேர்ந்து என்னிடம் வந்திருந்தது. ரிடையராகிப் பல வருஷம் கழித்துத்தான் பிரித்தேன். பிலவங்க வருஷம், 1967-68. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஆடியில், "ஆத்தில் ஜலம் வந்தது." ஐப்பசியில், "மழை போதாது. போன மார்கழிக் குறி பொய்." அதே புஸ்தகத்தின் மார்கழிப் பக்கத்தில், "பூராடம் 3-ம் நாள், மேகம் தெற்கே, தூறல், நல்ல குளிர்."

என்ன செய்திருக்கிறார் பாருங்கள். குறியையும் எழுதி, பலித்ததா என்றும் எழுதி, பலிக்காதபோது பொய் என்று தன் கையாலேயே போட்டிருக்கிறார். எனக்குப் பரீட்சை ஹாலில் சொல்லிக்கொடுத்ததை அவர் வாசலில் நின்று செய்திருக்கிறார். ஆனால் ஐப்பசியில் பொய் என்றாரே, அந்தக் குறி முந்தின வருஷப் பஞ்சாங்கத்தில் இருந்தது. இந்த மார்கழிக் குறியின் பலன் அடுத்த வருஷப் பஞ்சாங்கத்தில் இருந்தது. இரண்டும் எடைக்குப் போய்விட்டன. கையில் இருப்பது ஒரு கேள்வியும், வேறொரு கேள்விக்கான விடையும். எத்தனை வருஷ மழைக் கணக்கு அந்தக் கட்டில் இருந்ததோ!

ஜப்பானில் சுவா என்ற ஏரி குளிர்காலத்தில் உறைந்து, பனிக்கட்டி வெடித்து மேடாக எழும். தெய்வம் ஏரியைக் கடக்கும் பாதை அது என்று கோயில் பூசாரிகள் 1443-லிருந்து அந்த நாளைக் குறித்து வந்தார்கள். பூமி சூடாகிறதா என்று பார்க்க விஞ்ஞானிகள் இன்று அந்தக் குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். தெய்வத்துக்காக எழுதியது விஞ்ஞானத்துக்கு உதவியது. நம்பிக்கை அங்கே குறுக்கே வரவில்லை. எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் அகத்துப் பரணில் பழைய பஞ்சாங்கம், டைரி, வரவு செலவு நோட்டு இருந்தால் எடைக்குப் போடுமுன் ஓரங்களைப் பாருங்கள். எழுத்து இருந்தால் போனிலாவது படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது குழந்தைகளுக்கு. பூராட நாட்கள் வருகின்றன. எந்த ஊரில் இருந்தாலும் தினமும் காலையில் மேகம், காற்று, குளிர் மூன்றையும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஜூலையிலும் அக்டோபரிலும் பெய்ததை அதே நோட்டில் எழுதுங்கள். பலித்தால் பலித்தது என்றும், பொய்த்தால் பொய் என்றும் போடுங்கள்.

நான் இந்த வருஷம் ஆரம்பிக்கிறேன். தாத்தா சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் நோட்டின் இரண்டாம் பாதியை நான் எழுத முடியாமல் போனால், பேத்தி எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

பொங்கல் ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன். நமஸ்காரம்.