கட்டடம் முதல் கரண்டி வரை



1952ஆம் ஆண்டு. டென்மார்க்கில் நோவோ என்ற மருந்து நிறுவனத்தின் கேன்டீனுக்கு நாற்காலி வேண்டியிருந்தது. கனமாக இருக்கக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வரவேண்டும். கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சன் வரைந்து கொடுத்த நாற்காலிக்கு முன்னால் ஒரு கால், பின்னால் இரண்டு.

இருக்கையும் முதுகும் ஒரே பிளைவுட் பலகை. பலகையை ஒரு பக்கம் வளைக்கலாம். இரண்டு பக்கமும் வளைத்தால் விரிசல் விடும். அதனால் விரிசல் காணும் இடத்தையே வெட்டி எடுத்துவிட்டார். இடுப்பு சிறுத்துப்போனது, ‘எறும்பு’ என்று பெயரும் வந்தது. ஓரமாகச் சாய்ந்தால் கவிழும் என்ற குறை எழுந்தும் மனிதர் அசையவில்லை. அவர் காலமான பிறகுதான் எறும்புக்கு நான்காவது கால் முளைத்தது. இந்த விஷயத்தில் என் ஓட்டு, குறை சொன்னவர்களுக்குத்தான்.

பிடிவாதம் அவருக்குப் புதிதல்ல. 1902இல் கோபன்ஹேகனில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தன் அறையின் பூப்போட்ட சுவர்த்தாளுக்கு வெள்ளையடித்தவர் என்பார்கள். ஓவியராக ஆசைப்பட்டார், தந்தை சொல்லுக்காகக் கட்டடக்கலை படித்தார். 1943இல் நாஜிகள் டென்மார்க் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, சிறு படகில் கடல் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினார். அங்கே கட்டட வேலை அதிகம் கிடைக்கவில்லை. செடிகொடிகளை வரைந்தார்; மனைவி யோன்னா துணியில் அச்சிடுவதில் கைதேர்ந்தவர். துணியும் சுவர்த்தாளும் சோறு போட்டன. வெள்ளையடித்த கைதான், பூப்போட்ட சுவர்த்தாள் வரைந்தது!

அவருடைய பெரிய வேலை, கோபன்ஹேகனில் எஸ்ஏஎஸ் விமான நிறுவனத்துக்காகக் கட்டி 1960இல் திறந்த ஹோட்டல். கண்ணாடி போர்த்திய உயரமான பெட்டி. ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலக் கம்ப்யூட்டரின் துளை அட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் நியாயம் உண்டு.

ஆனால் உள்ளே போனால் கதை வேறு. கதவுக் கைப்பிடி, விளக்கு, திரைச்சீலை, சாப்பாட்டு மேசைக் கத்தி, கரண்டி எல்லாம் அவர் வரைந்தவை. வெளியே ஒரு வளைவுகூட இல்லாத கட்டடத்துக்குள், நேர்கோடே இல்லாத ‘முட்டை’ நாற்காலியை வைத்தார். பிளாஸ்டரில் உருவம் பிடித்துப் பார்த்துச் செதுக்கியது அது. உட்கார்ந்தால் முதுகும் பக்கங்களும் நம்மை மூடிக்கொள்ளும். ஆள் நடமாடும் வரவேற்பறையில் நமக்கென்று ஒரு மூலை கிடைத்துவிடும். அவருடைய கத்தி, கரண்டியை ஸ்டான்லி குப்ரிக் தன் விண்வெளிப் படத்தில் பயன்படுத்தினார். படம் வந்தது 1968இல்; கதை நடப்பது 2001இல்!

ஹோட்டல் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. பழைய அமைப்பு மாறாமல் மிஞ்சியது ஒரே ஒரு அறை, எண் 606.

டென்மார்க் தேசிய வங்கிக்கான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, 1971இல் யாகோப்சன் காலமானார். உடன் வேலை செய்த டிஸ்ஸிங்கும் வைட்லிங்கும் 1978இல் அதை முடித்தார்கள். அந்த வங்கிக்காக அவர் வரைந்த தண்ணீர்க் குழாய் வோலா என்ற பெயரில் இன்றும் கடையில் கிடைக்கிறது. இணைப்பு வேலையெல்லாம் சுவருக்குள் போய்விடும். வெளியே தெரிவது திருகும் மூக்கும்தான்.